ஆங்கிலம் பேசிய நீதிமன்றத்தில் ஒரு சந்தேகம்

புதிதாகச் சத்தியப்பிரமாணம் எடுத்து நீதிமன்ற உரைபெயர்ப்புத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, என்னைக் கண்டால் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். இங்கே ஜேர்மனியில், கொலோனில் நடந்த நம்முடைய ஒன்றுகூடலிலும் ஒரு தங்கை, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே கேட்டாள்: "அன்ரி, இப்ப கோட்டிலயும் இங்கிலிஸ் வந்திட்டுது. அரசாங்கக் கந்தோர்களிலயும் வரப்போகுதாம். இனி தமிழுக்கும் டொச்சுக்கும் நடுவில நிக்கிற எங்களை ஆர் கூப்பிடப் போகினம்?"

அன்றைக்குச் சரியான பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை. மண்டபத்தைப் பூட்டவேண்டும் என்று காவலர் வந்து நின்றார். அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் நடந்த ஒரு விசாரணையைச் சொன்னால் போதும். அது பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கக்கூடிய விசாரணைதான். ஆனாலும் நம் வாய் கட்டப்பட்ட வாய். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். வழக்கில் வரும் இயந்திரத்தைக்கூட வேறொன்றாக்கிவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

முதலில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நாட்டில் நீதிமன்றத்தின் மொழி ஜேர்மன், நம் வாயில் டொச். சட்டத்தில் அது ஒரே ஒரு சின்ன வசனம். அந்த வசனம் இருப்பதால்தான் எனக்கு இவ்வளவு காலம் சோறு கிடைத்தது. பிறகு புதுச் சட்டம் ஒன்று வந்தது. பெரிய வணிக வழக்குகளில் இரு தரப்பும் சம்மதித்தால், தொடக்கம் முதல் தீர்ப்பு வரை எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே நடத்தலாம் என்றது. எந்தெந்த நீதிமன்றத்தில் என்பதை ஒவ்வொரு மாநிலமும் முடிவு செய்யலாம். மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதை எடுத்துக்கொண்டன. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் சண்டைகளை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே தீர்த்துக்கொள்ளட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஆனால் மொழிச் சட்டம் என்றால் எனக்குப் பழைய பயம் ஒன்று உண்டு. என் அப்பா ஆங்கிலத்தில் படித்து இலங்கை அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். ஆங்கிலம் இருந்த இடத்தில் சிங்களத்தை மட்டும் வைத்த சட்டம் வந்தபோது, அவர் செய்த வேலை அப்படியே இருந்தது. அதைச் செய்யும் மொழி மட்டும் அவருடையதாக இருக்கவில்லை. சிங்களச் சோதனை எழுத மறுத்தார். அவருக்குக் கீழே இருந்தவர்கள் மேலே போனார்கள். வீட்டில் அதைப் பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. அந்த மௌனத்தில் வளர்ந்தவள் நான். ஆகவே, புதுச் சட்டம் பற்றிய செய்தியைப் படித்தபோது நானும் அந்தத் தங்கையைப் போலத்தான் நினைத்தேன்: சரி, எங்கள் காலம் முடிந்தது.

அந்த நேரத்தில்தான் இன்னொரு நகரத்து நீதிமன்றத்தில் இருந்து அழைப்பு வந்தது. ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு வணிக வழக்கு. சாட்சிகளில் ஒருவர் தமிழில்தான் வாக்குமூலம் கொடுப்பேன் என்கிறாராம்.

"நான் தமிழுக்கும் ஜேர்மனுக்கும்தான் சத்தியம் செய்தவள். ஆங்கிலம் எனக்கு விளங்கும். ஆனால் அதில் உரைபெயர்க்க எனக்கு உரிமை இல்லை" என்று தொலைபேசியிலேயே சொன்னேன்.

"தெரியும்" என்றார் அலுவலர். "நீங்கள் தமிழை ஜேர்மன் ஆக்குங்கள். ஜேர்மனை ஆங்கிலமாக்க இன்னொருவர் வருவார்."

ஒரு ஜேர்மன் நீதிமன்றத்தில், ஜேர்மன் தெரிந்த நீதிபதிகளுக்கு முன்னால், ஜேர்மனை ஆங்கிலமாக்க ஒரு ஆள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

வழக்கு இதுதான். டார்ம்ஸ்டாட்டில் படிக்க வந்த செந்தில் என்ற பொறியாளர், நாமக்கல் பக்கத்து ஆள், படிப்பு முடித்து வேலை பார்த்துப் பிறகு சொந்தமாக ஒரு சிறு நிறுவனம் தொடங்கியிருந்தார். உலோகப் பாகங்களுக்குப் பூச்சுப் பூசி உலர்த்திக் கொடுக்கும் வேலை. அதற்காக நெதர்லாந்து நிறுவனம் ஒன்றிடம் பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கினார். அதில் உலர்த்தும் பகுதி சரியில்லை. ஒரு பக்கம் கருகியது, மறுபக்கம் காயவில்லை. பூச்சு உரிந்துகொண்டு வந்தது. வாடிக்கையாளர்கள் திரும்பிப் போனார்கள். இயந்திரத்தை மாற்றித் தா என்று வழக்குப் போட்டார். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. இரு தரப்பும் ஆங்கிலத்தில் விசாரணைக்குச் சம்மதித்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது, விசாரணை அறைக்கு வெளியே என் சாட்சி உட்கார்ந்திருந்தார். சிவநேசன், செந்திலின் பட்டறைப் பொறுப்பாளர், யாழ்ப்பாணத்து ஆள், ஐம்பதைத் தாண்டியவர். புதுக் காலணி கடித்ததோ என்னவோ, ஒரு காலை வெளியே எடுத்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாக மாட்டிக்கொண்டு எழும்பினார்.

"அக்கா, எனக்கு வேலைக்குப் போதுமான டொச் இருக்கு. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்லுறதெண்டா தமிழிலதான் சொல்லுவன். பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு பிறகு ஆரும் சொல்லக்கூடாது."

"அதுக்குத்தான் நான் வந்திருக்கிறன். நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ. ஒரு வசனம் முடிஞ்சதும் நிப்பாட்டுங்கோ."

"இல்லையக்கா, கொம்பனி விழுந்தால் நான் வேற எங்கையும் போய்ப் பிழைச்சுக்கொள்ளுவன். எங்கட கொம்பனியில இந்தியாவில இருந்து வந்த மூண்டு பெடியள் இருக்கிறாங்கள். அவங்கட விசா இந்த வேலையிலதான் தொங்குது. ஒருத்தன்ர மனிசி இப்ப பிள்ளைத்தாச்சி..."

"தம்பி, வழக்கைப் பற்றி என்னோட கதைக்க வேண்டாம்" என்று நிறுத்தினேன். நிறுத்தினேனே தவிர, கேட்டதைக் காது திருப்பிக் கொடுக்காது. இதை நினைவில் வைத்திருங்கள்: நாம் ஒரு தரப்பின் ஆள் இல்லை என்று எவ்வளவு சொன்னாலும், வாசலில் நின்ற ஒரு மனிதனின் முகத்தை உள்ளே கொண்டுபோகாமல் இருக்க ஏலாது. அதைக் கொண்டுபோகிறோம் என்று தெரிந்துகொண்டு போவதுதான் நம்மால் முடிந்தது.

சாட்சி வெளியே காத்திருக்க, நான் உள்ளே ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆங்கில உரைபெயர்ப்பாளர், ஒரு இளம் ஜேர்மன் பெண். மேடையில் மூன்று நீதிபதிகள். தலைமை நீதிபதி நரைத்த குட்டை முடி வைத்த பெண்மணி. தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார் போலிருந்தது. செந்திலின் பக்கம் ஒரு பெண் சட்டத்தரணி. எதிர்ப்பக்கம் ஒரு உயரமான சட்டத்தரணி. அவருக்குப் பக்கத்தில் நெதர்லாந்து நிறுவனத்தின் விற்பனைப் பொறுப்பாளர், தடித்த கண்ணாடி போட்ட, அமைதியான முதியவர். இயந்திரத்தைச் செந்திலுக்குக் காட்டி விற்றவர் அவர்தான்.

முதலில் செந்திலை விசாரித்தார்கள். அவருக்கு உரைபெயர்ப்பாளர் தேவையில்லை. ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வந்தது. நானும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. பிறகு எதிர்ப்பக்கச் சட்டத்தரணி எழும்பினார். மென்மையாகத்தான் கேட்டார்.

"ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பு இயந்திரத்தை நேரில் போய்ப் பார்த்தீர்கள், இல்லையா?"

"ஆமாம். ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன்."

"அப்போது உங்களுக்கு ஏதாவது டவுட் இருந்ததா?"

"ஆமாம், நிறைய டவுட் இருந்தது" என்றார் செந்தில் உற்சாகமாக. தான் எவ்வளவு கவனமாக வாங்கினேன் என்று காட்ட அவருக்குக் கிடைத்த சந்தர்ப்பம் அது. "முக்கியமாக உலர்த்தும் பகுதியில்தான் எனக்கு டவுட்."

"உலர்த்தும் பகுதியில்."

"ஆமாம். அதில்தான் அதிகம்."

"நன்றி. வேறு கேள்வி இல்லை" என்று அவர் உட்கார்ந்தார்.

தலைமை நீதிபதியின் பேனா ஓடியது. செந்திலின் சட்டத்தரணி தன் கட்சிக்காரரைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அந்தப் பெண்ணின் முகத்தில் இரத்தமே இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கில உரைபெயர்ப்பாளர் மெல்லக் குனிந்து, "ஏன் இந்த மனிதர் தன் தலையில் தானே மண்ணைப் போடுகிறார்?" என்ற அர்த்தத்தில் ஏதோ முணுமுணுத்தாள்.

நடந்தது உங்களுக்கு விளங்கியிருக்கும். இந்த நாட்டுச் சட்டத்தில், ஒரு பொருளின் குறையைத் தெரிந்துகொண்டே வாங்கியவர் பிறகு அந்தக் குறையைச் சொல்லி வழக்காட ஏலாது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் டவுட் என்றால் அவநம்பிக்கை. உலர்த்தும் பகுதி சரியில்லை என்று சந்தேகப்பட்டேன், தெரிந்தே வாங்கினேன் என்று செந்தில் தன் வாயால் ஒப்புக்கொண்டதாக அவர்கள் கேட்டார்கள். செந்தில் சொன்னதோ வேறு. நாமக்கல்லில் வகுப்பில் கை தூக்கி, "சார், ஒரு டவுட்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். எனக்குத் தெரியாததையெல்லாம் கேட்டேன், உலர்த்தும் பகுதியைப் பற்றித்தான் அதிகம் கேட்டேன் என்று அவர் சொன்னார். தமிழில் சந்தேகம் கேட்பது வேறு, சந்தேகப்படுவது வேறு. அந்த வேறுபாடு அவருடைய ஆங்கிலத்துக்குள் அப்படியே போய் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் ஆங்கிலம்தான் பேசினார்கள். ஆனால் அந்த அறையில் ஒரே ஒரு ஆங்கிலம் இருக்கவில்லை.

அந்த வேறுபாட்டைக் காதில் வாங்கியது நான் ஒருத்திதான். எனக்கோ அந்தக் கட்டத்தில் எந்த வேலையும் இல்லை.

தலைமை நீதிபதி சிறிய இடைவேளை விட்டார். நான் நடைபாதையின் கடைசியில் இருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பேசாமல் இருந்தால் என்னை யாரும் குறை சொல்லப்போவதில்லை. என்னை அழைத்தது அடுத்த சாட்சிக்கு மட்டும். பேசினால், தன் இனத்தவனுக்கு உதவுகிறாள் என்று எதிர்ப்பக்கம் சொல்லும். பக்கச்சார்பு என்று சொல்லி என்னை விலக்கக் கேட்கலாம். விலக்கினால் அன்றைக்குச் சிவநேசனின் சாட்சியமும் இல்லை. நான் உதவப் போய் அவர்களுக்கு இருந்த மற்ற ஆதாரத்தையும் கெடுத்தவளாவேன்.

அப்போது செந்திலே என்னிடம் வந்தார்.

"மேடம், நீங்க தமிழ்தானே? நான் உள்ளே எதாச்சும் தப்பா சொல்லிட்டனா? எங்க லாயர் ஃபேஸே மாறிடுச்சு. 'ஏன் அப்படிச் சொன்னீங்க'ன்னு கேக்குறாங்க. நான் உண்மையைத்தானே சொன்னேன்?"

ஒரு நொடிதான் தேவைப்பட்டது. 'நீங்கள் சொன்ன சொல் இங்கே வேறு அர்த்தம், போய் உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கோ' என்று நான் தமிழில் சொல்லியிருந்தால் அந்த நடைபாதையில் யாருக்கும் விளங்கியிராது. அந்தச் சுகம் எவ்வளவு ஆபத்தானது என்று உங்களுக்கும் ஒருநாள் தெரியவரும். இரண்டு பேருக்கு மட்டும் விளங்கும் மொழியில், ஒரு நல்ல காரியத்துக்காகத்தானே, ஒரு வசனம்தானே என்று தோன்றும்.

"தம்பி, என்னோட கதைக்காதேங்கோ" என்றேன். "நான் இப்ப கோட்டுக்குரிய ஆள். உங்களோடையும் கதைக்கேலாது, அவையளோடையும் கதைக்கேலாது."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சாரி மேடம்" என்று திரும்பிப் போனார். வேற்று நாட்டில் தன் மொழிக்காரி ஒருத்தி முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டாள் என்று நினைத்திருப்பார். பின்னால் இருந்து பார்த்தேன். தோள்கள் இறங்கிவிட்டன. ஆனால் அவரைத் திருப்பி அனுப்பிய அந்த நிமிடத்தில்தான் எனக்கு வழி தெரிந்தது. இரகசியமாகச் சொல்லக்கூடாத ஒன்றை எல்லோருக்கும் முன்னால் சொல்லலாம். மனிதனைப் பற்றிச் சொல்லக்கூடாது. சொல்லைப் பற்றிச் சொல்லலாம். அது என் தொழில்.

எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன். தலைமை நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன, திருமதி தர்மலிங்கம்? உங்கள் சாட்சி இன்னும் வரவில்லையே" என்றார் ஆங்கிலத்தில்.

"மதிப்புக்குரிய நீதிபதி அவர்களே, மொழி சம்பந்தமாக ஒரு தகவல் சொல்ல அனுமதி வேண்டும்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. இவ்வளவு நுணுக்கமான விடயத்தை என் ஆங்கிலத்தில் சொல்லி நானே இன்னொரு பிழையை உண்டாக்கிவிடுவேனோ என்று பயம் பிடித்தது. அதனால் கேட்டேன்: "தயவுசெய்து, நான் ஜேர்மனில் பேசலாமா?"

பிறகு தலைமை நீதிபதி சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "ஒரு ஜேர்மன் நீதிமன்றத்தில் ஜேர்மனில் பேச அனுமதி கேட்கிறீர்கள். இரு தரப்புக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் எனக்கும் இல்லை" என்றார். உயரமான சட்டத்தரணிகூடப் புன்னகையோடு தலையாட்டினார். என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

நான் முடிந்தவரை சுருக்கமாகச் சொன்னேன். டவுட் என்ற சொல் இந்தியாவில் பேசப்படும் ஆங்கிலத்திலும், அதற்கு இணையான சொல் தமிழிலும், இரண்டு விதமாக வழங்குகிறது. ஒன்று அவநம்பிக்கை. மற்றது, தெரிந்துகொள்வதற்காகக் கேட்கும் கேள்வி. "செந்தில் அவர்கள் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்வது என் வேலையும் இல்லை. இரண்டு அர்த்தம் உண்டு என்பதை மட்டும் மன்றத்துக்குத் தெரிவிக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

உயரமானவர் எழும்பிவிட்டார். இப்போது புன்னகை இல்லை. "அழைக்கப்படாத கட்டத்தில் உரைபெயர்ப்பாளர் தலையிடுகிறார். வழக்காளியும் அவரும் ஒரே மொழிக்காரர். இடைவேளையில் இருவரும் பேசியதை என் உதவியாளர் பார்த்திருக்கிறார். இவரை விலக்க வேண்டும்" என்றார்.

"இடைவேளையில் பேசினீர்களா?" என்று தலைமை நீதிபதி கேட்டார்.

"அவர் என்னிடம் வந்து பேசினார். என்னோடு பேசவேண்டாம் என்று சொன்னேன். அவ்வளவுதான்."

"அவர் என்ன கேட்டார்?"

"தான் ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டார்."

"நீங்கள் பதில் சொன்னீர்களா?"

"இல்லை."

அவர் செந்திலைப் பார்த்தார். செந்தில், "அவங்க என்னைத் துரத்திவிட்டாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்ன விதத்தில் அடிபட்ட குரல் இருந்தது. அந்தக் குரலை யாரும் நடித்து வரவழைக்க ஏலாது. நீதிபதிகள் மூவரும் தலைகளைக் கிட்டக் கொண்டுபோய்ப் பேசினார்கள். பிறகு தலைமை நீதிபதி, "விலக்குவதற்குக் காரணம் இல்லை. திறந்த மன்றத்தில், இரு தரப்பும் கேட்கச் சொல்லப்பட்ட தகவல் அது. அதை வைத்து என்ன செய்வது என்பது எங்கள் பொறுப்பு" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு அவர் செந்திலிடம் திரும்பினார். மிகச் சாதாரணமாகக் கேட்டார்: "உங்களுக்கு இருந்த டவுட்டை என்ன செய்தீர்கள்?"

"கேட்டேன்."

"யாரிடம்?"

செந்தில் எதிரே இருந்த நெதர்லாந்துக்காரரைக் காட்டினார். "இவரிடம்தான். ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லா டவுட்டையும் தீர்த்துவைத்தார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்."

தலைமை நீதிபதி நெதர்லாந்துக்காரரைப் பார்த்தார். அவருடைய சட்டத்தரணி அவர் கைமேல் கை வைத்ததை நான் பார்த்தேன். கிழவர் அந்தக் கையை மெதுவாக விலக்கினார்.

"அவர் சொல்வது சரி" என்றார். "பகல் முழுக்கக் கேள்வி கேட்டார். 'எனக்கு இன்னும் ஒரு டவுட்' என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்குவார். முதலில் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. என்னை நம்பவில்லையோ என்று நினைத்தேன். பிறகு அவர் கேள்விதான் கேட்கிறார் என்று விளங்கியது. உலர்த்தும் பகுதியைப் பற்றிக் கேட்டார். நன்றாக வேலை செய்யும் என்று சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன்."

அவருடைய சட்டத்தரணி தன் முன்னால் இருந்த கோப்பை மூடிவைத்தார். எனக்கு அந்தக் கிழவர்மேல் வந்த மரியாதை இன்னும் இருக்கிறது. அவருக்கும் ஆங்கிலம் படித்துப் பெற்ற மொழிதான். அதனால்தானோ என்னவோ, மற்றவனின் ஆங்கிலத்தைக் காது கொடுத்துக் கேட்கப் பழகியிருந்தார்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்ததாகச் சிவநேசனை உள்ளே கூப்பிட்டார்கள். அவருக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. சத்தியம் செய்தார். வாங்குவதற்கு முன்பு இயந்திரத்தைப் பார்க்கப் போன அன்று நீங்களும் போனீர்களா, என்ன நடந்தது என்று தலைமை நீதிபதி கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவர் வாயில் இருந்து வந்த இரண்டாவது வசனமே இதுதான்:

"செந்தில் தம்பி அந்த வெள்ளைக்காரரிட்டை கனக்கச் சந்தேகம் கேட்டவர்."

அந்தச் சொல்லேதான். அறை முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் நான் நிசமாகவே கடமையில் இருந்தேன். 'கேள்விகள் கேட்டார்' என்று ஜேர்மனில் சொன்னால், அதுதான் சரியான உரைபெயர்ப்பு. வேறு எந்த நாளிலும் யோசிக்காமல் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் சற்று முன் நான் கொடுத்த விளக்கத்தை நானே நிரூபிக்கப் பார்க்கிறேன் என்று ஆகிவிடும். சொல்லுக்குச் சொல் 'சந்தேகங்களைக் கேட்டார்' என்றால், சரியாகச் சொன்னவளைப் போல நின்றுகொண்டு பிழையாகச் சொன்னவளாவேன்.

நான் இப்படிச் செய்தேன். "சாட்சி இப்போது நாம் பேசிய அதே சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். தமிழில் அது 'சந்தேகம் கேட்டார்' என்று வருகிறது. இந்த வினைச்சொல்லோடு வரும்போது வழக்கமாகக் கேள்வி கேட்டார் என்று பொருள். மன்றம் விரும்பினால் சாட்சியிடமே கேட்கலாம்." பக்கத்தில் இருந்த இளம் பெண் அதை ஆங்கிலமாக்கினாள். அவள் 'சந்தேகம்' என்ற தமிழ்ச் சொல்லை அப்படியே, கொஞ்சம் தடுமாறி, உச்சரித்தது நன்றாக இருந்தது.

கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். சிவநேசனுக்கு என்ன இது புதுக் கேள்வி என்று இருந்தது.

"சந்தேகம் எண்டா... விளங்காததைக் கேக்கிறதுதானே அக்கா? அவர் ஆளிலை சந்தேகப்படேல்லை. அப்பிடிச் சந்தேகப்பட்டிருந்தா நானே வாங்கவேண்டாமெண்டு சொல்லியிருப்பன். நாங்கள் வரேக்கை கார் முழுக்க மெசினைப் பற்றிச் சந்தோசமாக் கதைச்சுக்கொண்டுதான் வந்தனாங்கள். செந்தில் தம்பி றோட்டைக்கூட மாறி விட்டிட்டார்."

அதை அப்படியே கொடுத்தேன், பாதை மாறியதையும் சேர்த்து. மேடையில் இருந்த இளைய நீதிபதி ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

விசாரணை முடிந்து நான் மேற்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது செந்தில் தூரத்தில் நின்றார். கிட்ட வரவில்லை. கைகளைக் கூப்பினார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதற்கு மேல் செய்ய எனக்கு அன்று உரிமை இல்லை. ரயிலில் இருக்கை கிடைத்ததும் அப்படியே நித்திரையாகிவிட்டேன். அவ்வளவு களைப்பு, அவ்வளவு நிம்மதி. வெல்வார்களா தோற்பார்களா என்று அப்போது தெரியாது. நம் தொழிலில் கதையின் நடுப்பகுதி மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். ஆனால் ஒரு சொல் பிழையாகப் போய் ஒரு மனிதன் தோற்கப்போவதில்லை என்பது தெரிந்திருந்தது. எனக்கு அது போதும்.

அந்த இளம் ஆங்கில உரைபெயர்ப்பாளர் விடைபெறும்போது என் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு இரண்டு தடவை ஆங்கில விசாரணைகளுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தங்கை, உன் கேள்விக்குப் பதில் இதுதான். சட்டம் ஒரு மொழியை மன்றத்துக்குள் கொண்டுவரலாம். அதைப் பேச வருகிறவர்கள் தங்கள் தங்கள் வீட்டு மொழியை அதற்குள் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். ஆங்கிலம் வந்தால் ஆட்கள் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டோம் என்று இன்னும் சுலபமாக நம்பிவிடுவார்கள். அங்கே நம் வேலை கூடும், குறையாது. ஆனால் அந்த வேலையை வெளிச்சத்தில் நின்று செய்யுங்கள். யாருக்கும் விளங்காத மொழி உங்களுக்குத் தெரியும் என்பது உங்கள் கையில் இருக்கும் பெரிய அதிகாரம். அதை நடைபாதையில் செலவழிக்காதீர்கள்.

என்ன தீர்ப்பு வந்தது என்று கேட்பீர்கள். தீர்ப்பே வரவில்லை. அடுத்த கோடையில் இந்த நாட்டிலேயே ஊன்ட்றொப்பில் இருக்கும் அம்மன் கோவில் தேருக்கு நானும் என் கணவரும் போயிருந்தோம். நல்ல வெயில். தேர் வீதியைச் சுற்றி வந்து முடிந்து, சனம் கால்வாய்க் கரைப் பக்கமாக நிழல் தேடி நகர்ந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, பின்னாலிருந்து, "அக்கா!" என்று ஒரு குரல். சிவநேசன். வேட்டி கட்டியிருந்தார். பக்கத்தில் மூன்று இளைஞர்கள். ஒருவனின் தோளில் கைக்குழந்தை நித்திரையாக இருந்தது.

"அக்கா, அது முடிஞ்சுது. கோட்டுக்கு வெளியிலயே பேசித் தீர்த்தாச்சு. மெசினை மாத்தித் தந்திட்டாங்கள். அந்தக் கண்ணாடி போட்ட கிழவர் தானே கூட வந்து நிண்டு பூட்டிப் பொருத்தித் தந்தவர். இப்ப வேலை தலைக்கு மேலை. இவங்கள்தான் நான் அண்டைக்குச் சொன்ன பெடியள்."

மூவரும் வணக்கம் சொன்னார்கள். என்னை யாரென்று அவர்களுக்குத் தெரியாது. சிவநேசனும் அதற்கு மேல் சொல்லவில்லை, நல்ல மனிதர். "சந்தோசம் தம்பி" என்று மட்டும் சொன்னேன். குழந்தையின் காலைத் தொட்டேன். அவர்கள் சனத்துக்குள் போய்விட்டார்கள்.

"ஆர் அவர்?" என்று என் கணவர் கேட்டார்.

"வேலையால தெரிஞ்ச ஆள்."

"என்ன சொன்னவர்? முகமெல்லாம் சிரிப்பாயிருக்கு."

"ஒண்டுமில்லை" என்றேன். "எனக்குச் சரியான பசி. இண்டைக்கு இரண்டு தரம் சாப்பிடப் போறன்."

சொன்னபடியே செய்தேன்.